ஒரு வருஷத்துக் கட்டு

தாலுக்கா கச்சேரியில் நான் குப்பை கொட்டியது இருபத்தாறு வருஷம். முடிந்துபோன காகிதங்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது என்று எழுத்துப் போட்டுப் பிரிப்பது என் வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், இப்போது பென்ஷனும் கொடுக்கிறார்கள். முள்ளுக்குறிச்சியில் என் வீட்டு வாசலைக் கடந்து போகிறவர்கள் இன்னும் "குமாஸ்தா சின்னுசாமிங்க" என்று மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அந்த மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கொல்லிமலை மேல் அரியூர் நாட்டைச் சேர்ந்த அத்தாயியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். அவளுடைய வயல் போனதில் பாதிப் பங்கு என்னுடையது. மீதிப் பங்கு சர்க்காருடையது. சர்க்கார் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அத்தாயி குள்ளமான பெண்பிள்ளை. கழுத்து மட்டும் கெட்டி, தலைச்சுமையில் உரமேறியது. சாமையும் கடுக்காயும் சுமந்து விடியலில் மலையிறங்கி, பேளுக்குறிச்சிச் சந்தையில் போட்டுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு பொழுது சாயும் முன் மேலே போய்விடுவாள். தாசில்தாரோடும் பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசுகிற மாதிரியே பேசுவாள். குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களெல்லாம் பத்தாவது வரைக்கும் படித்துக் கற்றுக்கொண்டது அதைத்தானே.

அவளுக்கு இருந்தது ஒரு வயல். இரண்டு மேட்டுக்கு நடுவே ஓடை இறங்கும் பள்ளத்தில், வெறும் பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை அவள் புருஷன் காத்தான் ஒன்பது வருஷம் கல் பெயர்த்து, வரப்புக் கட்டி, நெல் விளைகிற மண்ணாக ஆக்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக் காய்ச்சலில் அவன் போய்விட்டான். மறு வருஷம் காட்டிலாகாவுக்கு எல்லை அளக்க ஒரு துரை மலைக்கு வந்தார். நல்ல மனுஷன் போலிருக்கிறது. வயலை நேரில் நடந்து பார்த்து, வரப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்து, "இந்த நிலம் காட்டோடு சேராது, காத்தான் பெண்சாதி அத்தாயியுடையது" என்று உத்தரவு எழுதி, முத்திரை குத்தி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு காகிதம் இருக்கும்வரை அவளும் மகள் கண்ணாயியும் அரிசிச் சோறு தின்னலாம். இல்லாவிட்டால் வயல் காட்டிலாகாவுக்கு.

அவள் அதை ஒரு மூங்கில் குழாய்க்குள் சுருட்டிக் கூரையில் செருகியிருந்தாள். அடுத்த கோடையில் அவர்கள் ஊரில் மூன்று வீடு தீப்பிடித்து எரிந்தது. எல்லாம் புல் வேய்ந்த கூரை. அத்தாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழாயை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் கச்சேரிக்கு வந்துவிட்டாள்.

அன்று நான் இருந்தேன். தலைமை குமாஸ்தா அண்ணாமலையும் இருந்தார். வாசலில் மனு எழுதுகிறவனிடம் ஒரு மனு எழுதி வாங்கி, உத்தரவை அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தி அவர் மேஜைமேல் வைத்தாள்.

"எங்கூடு புல்லுக் கூரைங்க சாமி. கச்சேரி கல்லுக் கட்டடம். இது இங்கயே இருக்கட்டுமுங்க. வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கறேனுங்க."

அண்ணாமலை காபி குடித்துக்கொண்டிருந்தார். "சரி சரி, வெச்சுட்டுப் போ" என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். ரசீது கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குக் கல்சுவர், மேலே தீப்பிடிக்காத மண் தளம். ஊர் முழுக்க விதைத் தானியத்தைக் கூடை கூடையாக அந்த வீட்டில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். வைத்தவர் பத்து வருஷம் கழித்து வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரன் பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் அந்தக் கூடையில் கை வைக்கக் கூடாது. எத்தனை படி வைத்தேன் என்று அடையாளம் கேட்பதே அந்த வீட்டாரை அவமானப்படுத்துவதாகும். அத்தாயி எங்கள் கச்சேரியையும் அப்படிப்பட்ட வீடு என்று நினைத்துவிட்டாள். கல்சுவரைப் பார்த்தாள், உள்ளே இருந்த எங்களைப் பார்க்கவில்லை.

அவள் படியிறங்கியதும் அண்ணாமலை மனுவை என் பக்கம் தள்ளினார். "என்னய்யா இது? உத்தரவு போடவும் ஒண்ணுமில்ல, மேலெழுதவும் ஒண்ணுமில்ல. மாசக் கடைசி வருது. முடிச்சுத் தொலை."

முடிப்பது என்றால் எழுத்துப் போடுவது. முடிந்துபோன காகிதங்களுக்கு நாலு இங்கிலீஷ் எழுத்து உண்டு. ஆர் போட்டால் அது உலகம் உள்ளளவும் இருக்கும். டி போட்டால் பத்து வருஷம். கே போட்டால் மூன்று. எல் போட்டால் ஒரே ஒரு வருஷம், அப்புறம் கிழித்துவிடலாம். ஒரு மனுஷனுடைய தலையெழுத்து இந்த நாலு எழுத்தில் எதில் விழும் என்பதை என்னைப் போல ஒரு ஐந்தாம் குமாஸ்தா, சாப்பாட்டு நேரம் நெருங்குகிற அவசரத்தில் தீர்மானிப்பான். அசல் பத்திரம் எதுவும் உள்ளே இருந்தால் உடையவரிடமே திருப்பிக் கொடு என்று கச்சேரிப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் புத்தகத்தைப் புரட்டவில்லை. மனுவைக்கூடப் புரட்டவில்லை. மேலே எல் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

எங்கள் ரெக்கார்டு அறையில் என்றென்றைக்கும் இருக்கப் போகிற ஆர் கட்டுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தாசில்தார் முகாம் போன இடத்தில் கூடாரத்து முளை அடிக்கிற மரச்சுத்தியல் ஒன்று காணாமல் போனது. அதைப் பற்றி நாற்பத்தாறு பக்கம் எழுதினார்கள். எந்த மரம், எவ்வளவு கனம், கடைசியாகப் பார்த்தது யார், வேறு வாங்கலாமா, வாங்கினால் பிடி நீளம் என்ன என்று மூன்று வருஷம் கடிதம் போனது வந்தது. கடைசியில் பெரிய துரை ஒருவர் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். துரை பார்த்த காகிதத்தை யார் கிழிப்பார்கள்? ஆர் விழுந்தது. கடல் வந்து மலையைக் கொண்டுபோனாலும் அந்தச் சுத்தியலின் வரலாறு அழியாது.

அத்தாயியின் உத்தரவு ஒரு வருஷமும் சில மாசமும் இருந்தது. இருபத்தொன்றாம் வருஷக் கடைசியில் எல் கட்டுகளை அட்டெண்டர் முத்தன் உட்கார்ந்து கிழித்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அவன்மேல் குற்றமில்லை. கிழித்ததெல்லாம் கோணிச்சாக்கில் அண்ணாமலை வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது. அண்ணாமலைக்கு உடம்பு சுத்தம் அதிகம். தினம் இரண்டு வேளை குளியல்.

ஐந்து வருஷம் யாருக்கும் எதுவும் தெரியாது. அத்தாயி நட்டாள், அறுத்தாள். இருபத்தாறில் காட்டிலாகாக்காரர்கள் எல்லைக் கல்லைப் புதுப்பிக்க வந்தார்கள். நிலம் காட்டுக்குள் இருக்கிறது, காகிதத்தைக் காட்டு என்றார்கள். அத்தாயி சிரித்துக்கொண்டே, "காயிதம் கச்சேரில பத்தரமா இருக்குதுங்க, ரெண்டு நாள்ல கொண்டாரேன்" என்றாளாம்.

அந்தச் சிரிப்போடுதான் கச்சேரிக்குள் வந்தாள். தன் கூடையை வாங்கிக்கொண்டு போக வந்தவளுக்கு என்ன கவலை? எங்களுக்குப் பலாப்பழம் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

அண்ணாமலைக்கு அவளை நினைவே இல்லை. எனக்கு இருந்தது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். "அழிக்கப்பட்டது" என்று என் கையாலேயே எழுதியிருந்தது. கிழித்து வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை.

"அது என்னங்க தப்புப் பண்ணுச்சு, அழிக்கறதுக்கு?"

"தப்பு ஒண்ணுமில்லம்மா. வருசம் முடிஞ்சா எடுத்தர்றதுதான். எல்லாத்தையும் வெச்சுக்க எடம் பத்தாதில்ல."

அவள் என்னைத் தாண்டி ரெக்கார்டு அறையை எட்டிப் பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை கட்டுகள். "அதெல்லாம் என்னங்க?" என்றாள். முத்தன் வெள்ளந்தி. கைக்கு எட்டிய கட்டைத் தட்டிக் காட்டி, "இது கூடாரம் அடிக்கற சுத்தியலுங்க, எப்பவும் இருக்கறது" என்றான்.

அவள் அண்ணாமலையைப் பார்த்து, கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "நம்பி வெச்ச வெதையத் தின்ன ஊட்டுல எங்கூர்ல பொண்ணும் எடுக்க மாட்டமுங்க, தண்ணியும் குடிக்க மாட்டமுங்க."

அண்ணாமலை "போ போ" என்றார். அவள் பலாப்பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அன்று ஏற்பட்ட வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை. அண்ணாமலைக்கு வருத்தமெல்லாம் பலாப்பழத்தைப் பற்றித்தான்.

மேலே எழுதிக் கேட்டோம். உத்தரவின் நகல் அங்கே இருக்கிறதா என்று கேட்டதற்கு, அசல் உங்களிடம் இருக்கும்போது நகல் எதற்கு என்று பதில் வந்தது. காட்டிலாகா அவளுக்கு ஆக்கிரமிப்பு என்று அபராதம் போட்டது. பிறகு ஒருநாள் ரேஞ்சரும் தாசில்தாரும் சேர்ந்து உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. வயலை நானாகவே விட்டு விலகுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியது நான்தான்.

"ரேகை வெச்சிரு. அபராதத்தத் தள்ளிடறோம், பேரும் புஸ்தகத்துல ஏறாது" என்றார் ரேஞ்சர். அதை ஒரு பெரிய தயவு என்றே அவர் நினைத்தார்.

அத்தாயி கட்டை விரலில் மை தடவ விட்டாள். காகிதத்தின் மேல் விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இதெ எத்தன வருசம் வெச்சிருப்பீங்க?"

தாசில்தார் சிரித்தார். "இது நெலச் சமாசாரம். ஆர். எப்பவும் இருக்கும்."

"என்ற காயிதமும் நெலச் சமாசாரந்தானுங்களே?"

நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதெயும் அந்த ஒரு வருசத்துக் கட்டுலயே போடுங்க. இப்பவே ரேகை வெக்கறேன். அடுத்த வருசம் அது வெந்நி அடுப்புக்குப் போனதுக்கப்பறம் நா வந்து உழுதுக்கறேன்."

தாசில்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியே போ என்று சத்தம் போட்டார். அவள் மையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ரேகை வைக்கவில்லை. அபராதத்தை நாலு சந்தைச் சாமையை விற்றுக் கட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏனுங்க, அந்த ஒரு வருசம் எப்ப இருந்து எண்ணுவீங்க?"

எழுத்துப் போட்டு முடித்த நாளிலிருந்து என்றேன்.

"முடிக்காட்டி?"

முடியாத காகிதத்தை யாரும் கிழிக்க முடியாது என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. முடியாத வழக்கில் யாரையும் வெளியேற்றவும் முடியாது. பதினோரு வருஷம் இங்கிலீஷ் புத்தகம் புரட்டிய எனக்குத் தோன்றாதது, கைநாட்டுக்காரியான அவளுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு மனு. அவள் பெயரில் நான் எழுதிக்கொடுப்பேன், சந்தையில், புளிக்கடைக்குப் பின்னால் நின்று. எல்லைக் கல்லை நட்டது எந்தத் தேதியில் என்று ஒரு வருஷம். ஓடைத் தண்ணீர் எந்த இலாகாவுக்குச் சொந்தம் என்று அடுத்த வருஷம். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கச்சேரியிலிருந்து பதில் வர வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டும். அதற்கென்றே பிறந்தவர்கள்தானே நாங்கள். கட்டு வீங்கிக்கொண்டே போனது. பதினாறு வருஷம் அத்தாயி அந்த வயலில் நெல் அறுத்தாள். சர்க்காரை அதன் சோம்பலை வைத்தே கட்டிப் போட்ட ஆள் என்று நான் பார்த்தது அவள் ஒருத்தியைத்தான்.

அந்தக் கட்டுக்குள் தங்கம் மாதிரி ஒரு தாள் இருந்தது. ஒரு மனுவுக்குப் பதிலாக, "மேற்படி உத்தரவின் அசல் இந்தக் கச்சேரியில் பெறப்பட்டது உண்மை, விதிப்படி அழிக்கப்பட்டது" என்று நான் எழுதி, அண்ணாமலை படிக்காமலே கையெழுத்துப் போட்டது. உத்தரவு என்று ஒன்று இருந்தது, அதை நாங்கள் வாங்கினோம் என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அதற்கு ஒரு நகல் எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். கச்சேரிக் காகிதத்தை வெளியே விட்டான் என்று என் பென்ஷனுக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். கட்டில் பத்திரமாக இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கச்சேரியில் பத்திரம்! எனக்கே அந்தப் புத்தி இருந்தால் அத்தாயியை என்ன சொல்ல?

நாற்பத்தொன்றில் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். மனுவை மட்டும் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றில் தை அறுப்பு முடிந்த கையோடு அத்தாயி வயலில் களைத்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று சந்தையில் கேள்விப்பட்டேன்.

போன மாசம் அவள் மகள் கண்ணாயி என்னைத் தேடி முள்ளுக்குறிச்சிக்கு வந்தாள். அவளுக்கே இப்போது நாற்பது வயது இருக்கும். காட்டிலாகாக்காரர்கள் வயலில் வரப்பைத் தட்டிச் சமமாக்கி மரநாற்றுக் குச்சி நட்டுவிட்டார்களாம். எங்கம்மா வழக்கு நடக்குதுங்களே என்று இவள் சொன்னதற்கு, எந்த வழக்கு என்று கேட்டார்களாம்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கச்சேரிக்குப் போனேன். அண்ணாமலை எப்போதோ செத்துப்போனார். என் நாற்காலியில் ஒரு புதுப் பையன் இருந்தான், சுறுசுறுப்பானவன். பதிவேட்டைப் புரட்டி உடனே கண்டுபிடித்துவிட்டான். "மனுதாரர் இறந்துவிட்டார். மேல் நடவடிக்கை தேவையில்லை." பக்கத்தில் எல். நாற்பத்து நாலில் கிழித்தாகிவிட்டது. இரண்டு பாகம், அறுநூறு பக்கம், உள்ளே அந்த ஒரு தாள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? நானும் இப்படித்தான் முடித்தேன், இதைவிட வேகமாக.

கண்ணாயிக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவள் தன் அம்மாவைப் போலச் சண்டைக்காரி அல்ல. மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எங்கம்மாளப் பத்தி இங்க ஒண்ணுமே இல்லீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையனிடம் காட்டிலாகா குற்றப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். இருபத்தாறாம் வருஷம். அரியூர் நாடு, காத்தான் பெண்சாதி அத்தாயி. சர்க்கார் நிலத்தில் திருட்டுத்தனமாகப் பயிர் செய்தது. அபராதம் கட்டியதால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அட்டையில் ஆர் என்று சிவப்பு மையில் போட்டிருந்தது.

படித்துக் காட்டினேன். கண்ணாயி அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எங்கம்மா திருடீன்னா எழுதியிருக்குது?"

"ஆமாம்மா."

"இதெக் கிழிக்கறதுக்கு இன்னும் எத்தன வருசமாகுமுங்க?"

"அதுக்கு வருசமே கெடையாது, கண்ணு" என்றேன்.